பதினோராவது மடக்கு

அம்சா பத்துத் தடவைதான் விரலை நீட்டினாள். விரல் பதினோரு தடவை மடங்கியது.

எண்ணிக்கை தப்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆயிரக்கணக்கான பட்டிழைகளில் ஒன்றைக்கூட விடாமல் பிணைப்பவளுக்குப் பத்து எண்ணத் தெரியாமலா போகும்? தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீர்ந்ததும், அதன் ஒவ்வொரு இழை நுனியோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிவிடுவது அவள் வேலை. அந்த வலது ஆள்காட்டி விரலைத்தான் போன மாதம் அரிக்கேன் விளக்குக் கண்ணாடி உடைந்து அறுத்துவிட்டது. மடக்கும் தசைநார் அறுந்தது. நரம்பும் போனதால் விரலில் உணர்ச்சியே இல்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் நாரை இழுத்துத் தைத்தார்கள். முன்கையிலிருந்து விரல்களின் முதுகுவரை மாவுக்கட்டுப் போட்டு, நகத்தில் ஓட்டை போட்டு ஒரு கொக்கி மாட்டி, அங்கிருந்து மணிக்கட்டுக் கட்டுத்துணியில் குத்திய ஊக்குவரை ஒரு ரப்பர் பேண்டை இழுத்துவிட்டார்கள்.

"நீட்றது உன் வேலை, மடக்கறது ரப்பர் வேலை. மணிக்குப் பத்து தபா. நீயா மடக்குனா உள்ள போட்ட தையல் புட்டுக்கும்மா. அப்புறம் விரல் கட்டைதான்" என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள்.

"கட்டையாப் போச்சுன்னா பாப்பாவ நிறுத்திடலாம். நாலாங்கிளாசு போதும். யாராவது பிணைக்கணும் இல்ல?" என்றான் அவள் புருஷன் பூவராகவன், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. அவன் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மகள் பெரியநாயகியைப் பாவின் முன்னால் உட்காரவைக்கவே கூடாது என்பதற்காகத்தான், எதிர்வீட்டுக் கடிகாரம் அடிக்கும்போதெல்லாம் அவள் விரலை நீட்டினாள். அழக்கூட வரவில்லை. எண்ண மட்டும் வந்தது.

மறுநாள் பன்னிரண்டு மடங்கியது. அதற்கடுத்த நாள் அவள் எண்ணுவதை விட்டுவிட்டு ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி வாடையும் ஈரப்பட்டின் புளித்த நெடியும் கலந்து கிடந்த கூடத்தில், புதுப் பாவு தறியோரம் பிணைப்புக்குக் காத்துக் கிடக்க, விரல் மெல்ல உள்ளே வந்தது. ரப்பர் இழுக்கவில்லை, தொய்ந்து தொங்கியது. அவளும் மடக்கவில்லை. ஊசியெடுத்து விரல் நுனியில் குத்திப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. நகத்துக்கடியில் மட்டும் சாம்பல் இருந்தது.

"ரப்பர் தளந்துபோச்சோ என்னமோ, மாத்திப் பாருக்கா" என்றாள் பக்கத்து வீட்டு வடிவு.

அந்த ஞாயிறு ஆடி அமாவாசை. அமாவாசையன்று யாரும் தறியைத் தொடமாட்டார்கள், தெரு வாயை மூடிக்கொண்டு கிடந்தது. பூவராகவன் செவிலிமேட்டில் ஒரு காரியத்துக்குப் போயிருந்தான். மத்தியானம் அம்சா ரப்பரைக் கழற்றினாள். நீட்டவும் வேண்டாம், மடக்கவும் வேண்டாம், தையல் பிழைத்தால் போதும் என்று தோன்றிவிட்டது. பட்டைப் பார்த்தே வளர்ந்தவளுக்குப் பட்டை விட்டால் வேறெதன்மேல் நம்பிக்கை வரும்? புதுப் பாவிலிருந்து ஓர் இழையை உருவி, பல்லால் கடித்து, கொக்கியையும் ஊக்கையும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். விரல் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. இனி அசையாது என்று அங்கேயே படுத்துத் தூங்கிப்போனாள்.

ஏதோ சத்தம் கேட்டு விழித்தாள். இழையோடு இழை உரசும் சத்தம், விட்டு விட்டுக் கேட்டது.

விரல் அவள் கண்ணெதிரே நீட்டிக் கிடந்தது.

கொக்கியில் போட்ட முடிச்சு அவிழவில்லை. இழைதான் நீண்டிருந்தது. ஒரு சாண் தள்ளி ஒரு பிணைப்பு, அதற்கப்பால் இன்னொன்று. சாம்பல் கறை. முறுக்கு அவள் கைமுறுக்கேதான். தரையோடு போன இழை தறிக்காலைச் சுற்றிப் பாவுக்குப் பின்னால் மறைந்தது.

விரல் மடங்கியது. இழை விறைத்தது. அங்கே ஏதோ அசைந்தது.

"பாப்பா?"

"இன்னாமா."

மகள் பாவுக்குப் பின்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பாதிப் பாவு பிணைந்திருந்தது. அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

"எழுந்து வாடி."

"வர முடியலமா."

அம்சா எழுந்து போனாள். இழை மகளின் வலக்கை ஆள்காட்டி விரலில் போய் முடிந்தது. நகத்தின் நடுவில் ஓட்டை. ரத்தமில்லை. இழை அதில் நுழைந்து முறுக்கப்பட்டிருந்தது.

அம்சாவின் விரல் மடங்கியது. மகளின் விரல் மடங்கியது. ஓர் இழையை எடுத்து முறுக்கியது.

இடது கையால் இழையைப் பிடித்து இழுத்தாள். அறவில்லை. பல்லில் வைத்துக் கடித்தாள். அறவில்லை.

"வலிக்குதாடி?"

"இல்லமா. விரல் இருக்கறதே தெரில."

குழந்தை இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். மற்ற ஒன்பது நகங்களிலும் ஓட்டை போட்டிருந்தது. இழை கோக்கவில்லை, இன்னும்.