வார் வெட்டிய அக்கார்டியன்

அக்கார்டியனின் மடிப்புத் துருத்தியை மூடிக் கட்டும் தோல் வார்கள் இரண்டையும் யாரோ கத்தரிக்கோலால் வெட்டி எறிந்திருந்தார்கள். அக்கார்டியன் வைத்திருக்கும் எவரும் செய்யாத காரியம்.

மார்லீன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செத்தவர் வீட்டுச் சாமான்களை இணையத்தில் ஏலம் விடுகிறவர்கள் பெட்டியைத் திறக்காமலே படம் போடுவார்கள். மற்றவர்கள் தயங்குவதை இவள் அடிமாட்டு விலைக்கு எடுத்து, பழுது பார்த்து விற்பாள். இது கிளீவ்லாந்தில், கணவர் போன அன்றே தானும் போய்ச்சேர்ந்த ஒரு கிழவியின் வீட்டுச் சாமான். எடுக்கப் போனபோது கிழவியின் மகள் அதைத் தொடக்கூட இல்லை. "அம்மா ராவும் பகலுமா இதைக் கீழயே வைக்கல. நீங்களே தூக்கிக்குங்க" என்றாள்.

"மறுபடியும் ஒரு பெட்டியா? நான் உட்காரவாவது இடம் விடு, தாயே!" முன்னறையிலிருந்து அவள் கணவன் எமில் கத்தினான். உருக்காலைப் புகை தின்ற நெஞ்சு. மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

"உன் தொண்டைக்கு இது எவ்வளவோ மேல். சும்மா கிட."

சண்டை போட அவளுக்கு உலகத்தில் மிச்சமிருந்தது இந்த ஒரு மனுஷன்தான். அவன் மூச்சிழுக்கும் சத்தம் கேட்டால்தான் அவளுக்கு வேலையே ஓடும்.

ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்து மறுபக்கத்தைத் தொங்கவிட்டாள். வெளியே பனி ஜன்னலை உரசிக்கொண்டிருக்க, ஈரக் கம்பளியும் இருமல் மருந்தும் கலந்த வாடையைக் கிளப்பியபடி, மடிப்பு மடிப்பாக, அவசரமே இல்லாமல் துருத்தி இறங்கி நின்றது. பிறகு தானாகவே மேலே ஏறியது.

அவள் அதை மேசையில் கிடத்தினாள். அப்போதும் விரிந்தது, சுருங்கியது. முன்னறையில் எமில் மூச்சை இழுத்தால் விரிந்தது. விட்டால் சுருங்கியது. அவன் இருமினான். அது குலுங்கியது.

சனியன், வந்த வழியே தொலையட்டும்! பெட்டியில் வைக்குமுன் துருத்தியை மூடிக் கட்டுவது அவளுக்குக் கையோடு ஊறிய பழக்கம். புது வார்களை மாட்டினாள். பலம் கொண்டமட்டும் அமுக்கினாள். வார்ப் பொத்தானைப் போட்டாள்.

முன்னறை அடங்கிப்போனது.

"எமில்?"

ஓடினாள். வாய் திறந்திருந்தது. உதடெல்லாம் நீலம். இரண்டு கையாலும் நெஞ்சில் அறைந்துகொண்டிருந்தான். குரலே வரவில்லை.

திரும்பி ஓடினாள். பொத்தானைப் பிய்த்தாள். துருத்தி அசையவில்லை. ஐயோ, அசையவில்லை. இழுத்தாள்.

முன்னறையில் ஒரு பெரிய மூச்சு.

கையை எடுத்தாள். மூச்சு நின்றது.

இழுத்தாள். அமுக்கினாள். இழுத்தாள். அதை மார்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய் அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"விட்டுடாதே," என்றான் எமில், அவள் அமுக்கியபோது.

ஃபோன் சமையலறையில் இருந்தது. எடுக்க ஒரு கை வேண்டும்.

இழுத்தாள். அமுக்கினாள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. எமில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மரத்துக்கொண்டிருந்த அவளுடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.