ஒரே போல்ட்டில் இரண்டு ஒயர்

வேன் பட்டறைக்குள் நுழைந்தபோது காலை பதினொரு மணி. மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. சாரல் உள்ளே அடிக்கிறது என்று, வேனின் பின்னால் ஷட்டரை முழுதாக இறக்கிவிட்டார் ஃபியூஸ். விளக்குகளைச் சோதிக்கவும் இருட்டு வேண்டும்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் எந்த வண்டி வந்தாலும் முதலில் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்க்கிற பழக்கத்தால் ஊருக்கே அவர் ஃபியூஸ்தான். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

வேனிலிருந்து இறங்கியவர் அந்த மனைவியின் அண்ணன்.

“பிரேக் லைட் ரெண்டு நாளா அணையவே மாட்டேங்குது, மாப்ள. கால எடுத்தாலும் எரியுது, சாவிய எடுத்தாலும் எரியுது.”

“சுவிட்ச் ஒட்டிக்கிட்டிருக்கும், மச்சான். பாத்துடலாம்.”

சொன்னாரே தவிர, அந்த வேனை நிமிர்ந்து பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் அதன் கூரையில் நீளமான எல்இடி விளக்குப் பாரையும், பின்னால் புது எல்இடி விளக்குகளையும் மாட்டியவர் அவர்தான். அன்று வேலை குவிந்து கிடந்தது. பாரின் எர்த் ஒயரையும் பின்விளக்குகளின் எர்த் ஒயரையும் ஒரே போல்ட்டில் சேர்த்து முறுக்கிவிட்டார். போல்ட்டுக்கு அடியில் இருந்த பெயிண்டையும் சரியாகச் சுரண்டவில்லை. பாரைப் போட்டுப் பார்த்தார், எரிந்தது. அதை அணைத்துவிட்டு பிரேக்கை மிதித்துப் பார்த்தார், அதுவும் எரிந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. சேர்த்துப் போட்டால், அந்த ஒரே எர்த் தாங்காமல், பின்பக்கம் கும்மிருட்டு.

ஒரு விடியற்காலை, பனிமூட்டத்தில், மச்சான் பாரைப் போட்டுக்கொண்டு போனார். குறுக்கே நாய் வந்தது. பிரேக் அடித்தார். பின்னால் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த நர்ஸுக்கு வேன் நின்றது தெரியவே இல்லை. மோதிய இடத்திலேயே உயிர் போனது.

போலீஸ் விசாரணைக்காரர் வருவதற்குள் ஃபியூஸ் தனி எர்த் ஒயர் இழுத்துவிட்டார். இரவு வேலை பார்த்துவிட்டு வந்தவள், தூக்கக் கலக்கத்தில் மோதிவிட்டாள் என்று எழுதி விவகாரத்தை முடித்தார்கள். பிறகு ஒருநாள் நர்ஸின் கணவன் பட்டறைக்கே வந்து நின்றான்.

“நெசமாவே லைட்டு எரிஞ்சுதாண்ணே?”

“எரிஞ்சுது, தம்பி. நானே மாட்டினது.”

“அப்ப அவதான் தூங்கிட்டா போல” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து ஃபியூஸுக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே இறங்கியது. அதுதான் அவருக்கே அசிங்கமாக இருந்தது.

இந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று பார்த்துச் சொல்லவேண்டும். ஃபியூஸ் ஏறி உட்கார்ந்தார். பட்டறைத் தரை, தண்ணீர் வடிவதற்காக ஷட்டர் பக்கம் சற்றுச் சரிந்திருக்கும் என்பதால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டார். மச்சான் பின்னால் போனார்.

“மிதிக்கிறேன்.”

“எரியுது.”

“விட்டுட்டேன்.”

“இப்பவும் எரியுது.”

சுவிட்சின் கனெக்டரைக் கழற்றினார். எரியுது என்றார் மச்சான். ஃபியூஸைப் பிடுங்கினார். அப்போதும் எரிந்தது. கடைசியில் பேட்டரியின் இரண்டு ஒயரையும் கழற்றிப்போட்டு வந்து உட்கார்ந்தார்.

“இப்ப?”

ஷட்டரில் மழை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“மச்சான், இப்ப எரியுதா?”

டெட்டால் வாசனை வந்தது. கிரீஸும் டீசலும் ஊறிப்போன பட்டறையில், அப்போதுதான் துடைத்த ஆஸ்பத்திரி வார்டின் வாசனை.

கூரையிலிருந்த பார் தானாக எரிந்தது. எதிர்ச்சுவர் வெள்ளை வெளேரென்று ஆனது.

அவர் கால் பெடலை மிதித்தது. மிதிக்கவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

“எரியல.”

பெண்குரல்.

காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தார்.

“எரியல.”

சத்தமே போடாமல், வேலையில் இருக்கிறவள் சொல்வதுபோல் சொன்னாள். இப்போது குரல் முன்பைவிடக் கிட்டத்தில் இருந்தது. கண்ணாடியைப் பார்க்கத் தலை திரும்ப மறுத்தது.

பட்டறையின் பக்கவாட்டுச் சின்னக் கதவு திறந்தது. கையில் இரண்டு டீயோடு, மழையில் நனைந்தபடி மச்சான் நின்றார்.

“என்ன மாப்ள, தனியா பேசிட்டிருக்கீங்க?”

“நீங்க... பின்னாடி இல்லையா?”

“பேட்டரிய கழட்டப் போனீங்க. சரி, நேரமாகும்னு டீ வாங்கப் போனேன்.”

பார் அணைந்திருந்தது. பின்விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. ஷட்டர் முழுக்க அந்தச் சிவப்பு.

ஃபியூஸ் டீயை வாங்கவில்லை. “மச்சான், அந்த நர்ஸோட புருஷன்கிட்ட உண்மையச் சொல்லிடலாம். நான் தப்பா மாட்டினதையும், அப்புறம் மாத்தினதையும் சொல்லிடுறேன். என்ன வந்தாலும் நான் பாத்துக்கிறேன்.”

“மெதுவாப் பேசுங்க. உங்களோட நானும்ல உள்ள போவேன்?”

“அவ இங்க இருக்கா, மச்சான்.”

மச்சான் சிரித்தார். ஆனால் சிரிப்பு முகத்தில் பாதியோடு நின்றுவிட்டது. “தூங்கிட்டு வந்து மோதினவளுக்கு நாம என்ன பண்ண முடியும்? இந்த விளக்கு இருந்தாத்தான உங்களுக்கு இந்தக் கிறுக்கெல்லாம்? பிச்சு எறியிறேன், இருங்க.”

திருப்புளியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

விளக்குகள் அணைந்தன.

“பாத்தீங்களா? தொட்டதுமே அணைஞ்சிடுச்சு” என்ற மச்சானின் குரல் இருட்டிலிருந்து வந்தது.

வேன் அசைந்தது.

ஃபியூஸ் பிரேக்கை மிதித்தார். பெடல் கல்லாக நின்றது. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், அதுவும் இறுகித்தான் இருந்தது. பிரேக் எல்லாம் பிடித்திருக்க, சக்கரங்கள் தம் பாட்டுக்கு ஷட்டரை நோக்கி உருண்டன.

“மச்சான், தள்ளுங்க! தள்ளி நில்லுங்க!”

“மாப்ள, பிரேக் அடிங்க... பிரேக்...”

“அடிச்சிட்டுத்தான் இருக்கேன்!”

ஷட்டரின் தகடு முனகியது. பிறகு எதுவோ நொறுங்கிய சத்தம் கேட்டது. அதன் பிறகு மழை மட்டும்தான்.

“எரியுது” என்றாள், அவர் காதருகே.

கண்ணாடியில் சிவப்பு வெளிச்சம் நிறைந்திருந்தது.

பழைய விசாரணைக்காரரே வந்தார். ஹேண்ட் பிரேக் கைப்பிடி அடிவரை இறங்கிக் கிடந்தது. ஃபியூஸ் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். ஒரே போல்ட்டில் மாட்டியதை, ராவோடு ராவாக மாற்றியதை, அந்தக் குரலைக்கூட விடவில்லை. விசாரணைக்காரர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

“பேட்டரி இல்லாத வண்டில விளக்கு எரிஞ்சுதா? அதிர்ச்சில உளர்றீங்க. ஹேண்ட் பிரேக்க சரியாப் போட்டிருக்க மாட்டீங்க.”

கவனக்குறைவு என்று எழுதினார். ஒரு செத்தவள்மேல் எழுதவைத்த அதே பழி, உயிரோடு இருக்கும்போதே தன்மேல் எழுதப்படுவதைப் பார்த்தார் ஃபியூஸ். எவ்வளவு சத்தியம் செய்தும் யாரும் நம்பவில்லை. மனைவி அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். “எங்கண்ணன் கத்துனது தெரு முழுக்கக் கேட்டிருக்கு. உன் காலு என்ன பண்ணிட்டிருந்துச்சு?” என்று ஒருமுறைதான் கேட்டாள்.

மச்சான் செத்த பதினாறாம் நாள் மாலை, தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நர்ஸின் வீட்டுக்குப் போனார். கணவனிடம் சொல்லிவிட்டால் அவள் தன்னை விட்டுவிடுவாள் என்று நம்பினார். அந்த ஒரு நம்பிக்கைதான் அவரிடம் மிச்சம் இருந்தது.

கணவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். ஃபியூஸ் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

“லைட்டு எரியல, தம்பி. உன் சம்சாரம் தூங்கல. என்ன மன்னிச்சிடு.”

அவன் கோபப்படவில்லை. கையிலிருந்த வெள்ளை யூனிஃபாரத்தைச் சுருக்கம் நீவி மடித்து வைத்தான்.

“தெரியும்ணே. அவளே வந்து சொன்னா.”

“எப்ப?”

“அந்த மழை அன்னைக்கி. ஒரு ஆளு முடிஞ்சுதுன்னு சொன்னா.”

ஃபியூஸ் மெல்லக் கேட்டார். “நான்தான் இப்ப உண்மையச் சொல்லிட்டேனே?”

“நான் மன்னிச்சிட்டேண்ணே. அவகிட்ட அத நீங்கதான் கேக்கணும்.”

வெளியே வந்தார். தெருவில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள், இன்னும் நன்றாக வெளிச்சம் இருந்தது. ஸ்கூட்டரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். பின்சீட்டில் யாரோ ஏறி உட்கார்ந்த பாரத்தில் வண்டி மெல்லத் தாழ்ந்தது. ஈரமான கை ஒன்று, விழுந்துவிடாமல் இருக்க, அவர் தோளைப் பிடித்துக்கொண்டது.