ஒரெஸ்தேயிடம் யாரும் சொல்லவில்லை

எங்கள் ஊர் சலிச்செத்தோவில் நவம்பர் பிறந்துவிட்டால் பட்டப்பகலிலேயே எதிரில் வருபவர் முகம் தெரியாது. இத்தாலியின் போ நதியிலிருந்து மூடுபனி கிளம்பி, வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய உயரமான மண்கரையைத் தாண்டி, கால்பந்து மைதானத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்காகப் பயிற்சியை யாரும் நிறுத்துவதில்லை.

நீவெஸுக்குப் பத்து வயது. எங்கள் கிளப்பின் சிறுவர் அணியில் அவள்தான் கோல்கீப்பர். பயிற்சி கொடுப்பவர் ரொட்டிக்கடை லொரெதானா. எங்களுக்குக் கால்பந்துப் பயிற்சியாளர் என்றால் ‘மிஸ்டர்’. பெண்ணாக இருந்தாலும் மிஸ்டர்தான்.

அன்று நீவெஸின் தம்பி எல்மோவும் வந்திருந்தான். அவனுக்கு ஆறு வயது. வேடிக்கை பார்க்கிறேன் என்று வருவான். அப்புறம் யாருடைய பந்தையாவது உதைத்துவிட்டு ஓடுவான்.

தவீதே ஓங்கி உதைத்ததில் பந்து அந்தக் கரைக்கு அப்பால் போய் விழுந்தது. யாரும் எடுக்கப் போகவில்லை. பனி நாளில் அந்தப் பக்கம் போன பந்து சிறிது நேரத்தில் தானாகவே கரைமேல் வந்து, உருண்டு இறங்கும். சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது மழை பெய்வது மாதிரி. ஏன் என்று கேட்பதில்லை.

அன்று நீவெஸ் கேட்டுவிட்டாள். மிஸ்டர் எல்லோரையும் பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னார்.

கிளப்பைத் தொடங்கியவர்கள் செங்கல் சூளைத் தொழிலாளிகளாம். கரைக்கு அந்தப் பக்கம், ஆற்றை ஒட்டித்தான் முதல் மைதானம். பாப்லர் மரங்களை வெட்டித் தோளில் சுமந்து வந்து கோல் கம்பம் நட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் மஞ்சளும் பச்சையுமாகச் சட்டை தைத்தார்கள். வெள்ளம் வந்த ஆண்டில், ஆற்றுக்கு அக்கரை ஊரோடு ஒரு ஆட்டம் நடந்தது. அன்றும் இப்படித்தான் பனி. பாதி ஆட்டத்தில் தேவாலய மணி விடாமல் அடித்தது. தண்ணீர் வருகிறது என்று நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். எல்லோரும் கரைமேல் ஓடி ஏறினார்கள். ஆற்றுப் பக்கத்து கோலில் ஒரெஸ்தே என்ற இளைஞன் நின்றுகொண்டிருந்தான். அவன் கண்ணுக்கு வெள்ளைப் பனியைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது.

“அவர்கிட்ட யாரும் சொல்லலையா?” என்று கேட்டாள் நீவெஸ்.

மிஸ்டர் தன் கம்பளித் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “வேற யாராவது சொல்லியிருப்பாங்கன்னு ஒவ்வொருத்தரும் நினைச்சுட்டாங்க. கரைமேல ஏறின பிறகுதான் ஆள் குறையுதுன்னு தெரிஞ்சுது.”

பிறகு கிளப் கரைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. பழைய மைதானத்தில் இப்போது பாப்லர் மரங்கள்தான். ஆண்டு விருந்தில் தலைவர் கிளப் வரலாற்றை விரிவாகச் சொல்வார். அந்த ஆண்டு வரும்போது மட்டும், ‘ஆட்டம் பாதியில் நின்றது’ என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பார்.

பயிற்சி முடிந்தது. பந்து மட்டும் திரும்பி வரவேயில்லை.

எல்மோவையும் காணோம்.

“உங்க அம்மா கூட்டிட்டுப் போயிருப்பாங்க,” என்றான் தவீதே. வாசல் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது என்றாள் இன்னொருத்தி. என் அண்ணனோடு சைக்கிளில் போயிருப்பான் என்றாள் மற்றொருத்தி.

நீவெஸ் ஒரு கையுறையைக் கழற்றியவள், அப்படியே நின்றாள். போயிருப்பான், போயிருப்பான் என்று எல்லோரும் சொன்னார்கள். போனதைப் பார்த்தவர் யாருமில்லை.

மிஸ்டரிடம் சொன்னாள். அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். நீவெஸ் கரைமேல் ஏறினாள்.

கீழே மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தொப். சிறிது நேரம் அமைதி. மறுபடியும் தொப்.

கோல்கீப்பருக்கு அந்தச் சத்தம் தெரியும். பந்து மரத்தில் மோதும் சத்தமில்லை அது. வெறும் கைகளுக்குள் பந்து வந்து அடங்கும் சத்தம்.

எல்மோ மரங்களுக்கிடையே நின்றிருந்தான். காலணி நனைந்து, உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவன் பந்தை உதைத்தான். பனி அதை விழுங்கியது. தொப். பிறகு பந்து மெதுவாக உருண்டு வந்து, அவன் காலணி நுனியைத் தொட்டு நின்றது.

“எல்மோ, வா போகலாம்.”

“நான் போறேன்னு சொல்லிட்டேன், நீவெஸ். அவர்தான் திரும்பத் திரும்ப அனுப்பிட்டே இருக்கார்.”

“யாரு?”

“முகம் தெரியல. ஆனா நல்லா பிடிக்கிறார்.” அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “உன்னைவிட நல்லா.”

நீவெஸ் பனிக்குள் உற்றுப் பார்த்தாள். இரண்டு மரங்களுக்கு நடுவே, பனியைவிடக் கொஞ்சம் கறுப்பாக ஏதோ இருந்தது. முழங்காலை மடக்கி, கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளும் அப்படித்தான் நிற்பாள்.

தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். பின்னால், குளிருக்காக யாரோ உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அவள் நின்றுவிட்டாள். விசில் ஊதும்வரை கோல்கீப்பர் கோலை விட்டு நகரக் கூடாது. ஒரெஸ்தேக்கு அன்று மணிச் சத்தத்தில் அந்த விசில் கேட்கவேயில்லை.

நீவெஸ் இரண்டு விரல்களை வாயில் வைத்தாள். வீட்டில் இதற்காக எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறாள். ஆட்டம் முடியும்போது நடுவர் ஊதுவதுபோல, முதலில் சின்னதாக இரண்டு முறை, பிறகு நீளமாக ஒரு முறை ஊதினாள்.

“ஒரெஸ்தே அண்ணா.” பனியை நோக்கிச் சத்தமாகச் சொன்னாள். “ஆட்டம் முடிஞ்சுடுச்சு. நடுவர் அப்பவே நிறுத்திட்டார். உங்ககிட்ட யாரும் சொல்லல. நாங்க வீட்டுக்குப் போறோம். நீங்களும் வாங்க.”

இலைகளிலிருந்து சொட்டிய நீர்கூட ஒரு கணம் நின்றதுபோல் இருந்தது. பிறகு புல்லில் காலடி கேட்டது. தண்ணீர் நிறைந்த காலணியின் சதக், சதக்.

“வர்றாரா?” என்று கிசுகிசுத்தான் எல்மோ.

“வர்றார். திரும்பிப் பார்க்காதே.”

அவர்கள் கரையேறினார்கள். காலடிச் சத்தமும் பின்னாலேயே ஏறியது. உச்சியில் மிஸ்டர் மூச்சு வாங்க ஓடிவந்தார். எல்மோவை அணைத்துக்கொள்ளக் குனிந்தவர், அவர்களுக்குப் பின்னால் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெல்ல ஒதுங்கி வழிவிட்டார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

காலடிகள் அவர்களைக் கடந்து ஊருக்குள் இறங்கின. அவற்றில் அவசரமே இல்லை. வேலை முடிந்து வருபவரின் நடைதான்.

சூளைத் தெருவின் கடைசி வீடு, ஒரெஸ்தேயின் குடும்பம் இருந்த வீடு, பல காலமாகப் பூட்டிக் கிடக்கிறது. காலடிகள் அதன் வாசலில் நின்றன. உள்ளேயிருந்து யாரோ தாழ்ப்பாளை விலக்கினார்கள். கதவு திறந்து, மெதுவாகச் சாத்திக்கொண்டது.