வெற்றிருக்கை

பொள்ளாச்சியில் வண்டியைக் கிளப்பியதும் முகப்புத்திரையின் ஓரத்தில் நான்கு என்ற எண் சிவப்பாக எழும். கிணத்துக்கடவு வரும்வரை அது மாறாது. சம்யுக்தா அதைப் பார்க்காமல் ஓட்டப் பழகியிருந்தாள். பார்க்காவிட்டாலும் அது ஆட்டோ மீட்டர் போல ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கிணத்துக்கடவு நிறுத்தத்தில் மூன்று பேர் நிற்பார்கள். ருக்மணி முன்னால் ஏறுவாள். கல்யாண மண்டபங்களுக்குப் பலகாரம் செய்து கொடுப்பவள். ஏறும்போதே ஏதோ ஒரு பேச்சின் நடுவில் இருப்பாள். வெள்ளிங்கிரி பின்னால் வலப்பக்கம். உக்கடத்தில் செயற்கைக் கால் பொருத்தும் கடையில் அவருக்கு வேலை. இடப்பக்கம் நர்சிங் படிக்கும் கவிஸ்ரீ. அவள் உட்கார்ந்த நொடியில் தூங்கிவிடுவாள். எண் ஒன்றுக்கு இறங்கும். நடு இருக்கையில் ருக்மணியின் தூக்குவாளி இருக்கும். வாளி மூச்சு விடாது என்பதால் அது ஆள் கணக்கில் வராது.

சாலைகள் நிரம்பி வழிந்த காலத்தில் கொண்டுவந்த சட்டம் அது. ஆளில்லாமல் நகரும் ஒவ்வோர் இருக்கையும் சாலையில் இடத்தை வீணாக்குகிறது, வீணாக்குபவர் கட்டட்டும் என்றார்கள். வெற்றிருக்கைக் கட்டணம் என்று பெயர். ஒவ்வோர் இருக்கைக்குள்ளும் ஒரு மூச்சுணரி. ஆட்கள் சேர்ந்து போவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். ஆட்களோ தனிக்கூடு வாங்கினார்கள். ஓர் ஆள், ஓர் இருக்கை, சுற்றிலும் கண்ணாடி. வெற்றிடமும் இல்லை, கட்டணமும் இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் கோயம்புத்தூர்ச் சாலை முழுக்க முட்டை முட்டையாக உருண்டது.

“எங்க மச்சாண்டார் பையன் என்ன பண்ணுனான் தெரியுமா?” என்று ஒருநாள் ருக்மணி ஆரம்பித்தாள். “காலிச் சீட்டுல ஆட்டுக்குட்டியக் கட்டி வெச்சு, பெல்ட்டும் போட்டுட்டான்.”

“ஏமாந்துதுங்களா?” என்றார் வெள்ளிங்கிரி.

“மிசின் ஏமாந்துருச்சு. உக்கடத்துல போலீசு நிறுத்தி, பின்னால யாருன்னு கேட்டானாம். இவன் தூக்கக் கலக்கத்துல, கோவிந்தனுங்கன்னு சொல்லியிருக்கான். கோவிந்தன் ‘மே’ன்னுட்டான்.”

கவிஸ்ரீ தூக்கத்திலேயே சிரித்தாள். சம்யுக்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டி கொஞ்சம் கோணியது. அன்று மாலை ஆய்வகத்தில் சிறுவாணித் தண்ணீர் மாதிரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோதும் அந்த ‘மே’ நினைவுக்கு வந்தது. அறையில் யாரும் இல்லாததால் சத்தமாகவே சிரித்தாள்.

வண்டியின் பெயர் மகுடம். மேலாளர்களுக்காகச் செய்த கார். வெளிவந்தபோதே யாருக்கும் பிடிக்கவில்லை. முகம் பழசு என்றார்கள், பெரிய ஆட்கள் வேறு கம்பெனி வண்டியில்தான் போவார்கள் என்றார்கள். வாங்கிய சில மில் முதலாளிகளும் கட்டணம் வந்ததும் கைகழுவினார்கள். சம்யுக்தா அதைக் கணபதியில் ஒரு பழைய வண்டிக் கிடங்கில் பார்த்தாள். கதவைச் சாத்திப் பார்த்தாள். கனமான புத்தகத்தை மூடியதுபோல் ஒரு சத்தம், பிறகு அமைதி. பின்னால் இடப்பக்க இருக்கை படுக்கைபோல் சாய்ந்தது. அதற்குக் கால்மணை இருந்தது, ஜன்னலுக்குத் திரை இருந்தது. விலை ஒரு புதிய தனிக்கூட்டில் பாதிகூட இல்லை.

“வீட்ல எத்தன பேருங்க?” என்று கேட்டார் கிடங்குக்காரர்.

“நான் மட்டும்தான்.”

அவர் ஐந்து இருக்கைகளையும் ஒருமுறை பார்த்தார். “வண்டி தங்கமுங்க. ஒரு தொந்தரவும் குடுக்காது. ஆனா நீங்க ஒருத்தரே ஓட்டுனா, ஆனைய வாங்கிக் கட்டுன மாதிரி.”

அவர் சொன்னது சரிதான். வண்டி தன் அளவில் அதிகம் தின்னவில்லை. குலுங்காமல் வண்டியைத் தாங்கும் காற்றுத்தாங்கி ஒன்று கசிந்தது. கரூரில் பிரித்துப்போட்ட இன்னொரு மகுடத்திலிருந்து அதற்கு மாற்று கிடைத்தது. மின்கலத்தில் ஓர் அடுக்கு போனது. மெக்கானிக் அதை மட்டும் எடுத்துப் புதிது வைத்தார். டயர் அளவுதான் அபூர்வம், சொல்லிவைத்து வாங்க வேண்டும். எல்லாம் சேர்ந்தும் தாங்கக்கூடிய செலவுதான். சம்பளத்தைத் தின்றது காலியிடம். இரண்டாம் மாதமே, வேறு வழியில்லாமல், நிறுத்தத்தில் ஓர் அட்டையை மாட்டினாள்: ‘கோவைக்குத் தினமும் இருக்கை உண்டு.’ பெயரைக்கூட எழுத வெட்கப்பட்டு எண்ணை மட்டும் எழுதினாள்.

அப்படி வந்தவர்கள்தான் இந்த மூன்று பேர். அவர்களுக்குத் தனிக்கூட்டு வாடகை மிச்சம், அவளுக்குக் கட்டணம் மிச்சம். யாரும் யாருக்கும் கடன்பட்டவர்கள் இல்லை. அதனால்தானோ என்னவோ, பேச்சு தாராளமாக வந்தது. சம்யுக்தா விருதுநகர்க்காரி. ஆய்வகத்தில் கருவிகளோடு வேலை. வீட்டில் சுவர். கிணத்துக்கடவிலிருந்து உக்கடம்வரைதான் அவள் காதில் மனிதக் குரல் விழும். அவள் அதிகம் பேசமாட்டாள். அவள் பேச வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை. ஓட்டுகிற ஆள் பேசாமல் இருப்பது இயல்புதானே.

ஆவணி பிறந்த ஒரு காலையில் வண்டியைக் கிளப்பியபோது சிவப்பு எண் எழவில்லை. அதன் இடத்தில் பச்சையாகச் சில வரிகள் இருந்தன. மகுடம் ‘அரிய ஊர்தி’ என்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. மாநிலத்தில் இப்போது சிலவே ஓடுகின்றன. இனி வெற்றிருக்கைக் கட்டணம் இல்லை. நெடுஞ்சாலையில் உள்தடத்தில் செல்லும் உரிமையும் உண்டு. வாழ்த்துகள்.

சோதனை முடிவை நம்பாதவள்போல் வண்டியை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினாள். பச்சைதான். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, அங்கே படி இல்லாததுபோல் இருந்தது.

ருக்மணி ஏறி உட்கார்ந்ததுமே கேட்டாள். “ஏன் அம்மிணி, நம்பரக் காணோம்?”

பொய் சொல்லத் தெரியாத பழக்கம் அன்றைக்கு உதவவில்லை. சம்யுக்தா விஷயத்தைச் சொன்னாள்.

“அட, அப்படிப் போடு!” ருக்மணி அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். “கண்ணு, உனக்கு விடிஞ்சுது போ. இத்தன நாளா எங்களுக்காக நிறுத்தி நிறுத்திப் போனியே, இனி நிம்மதியாப் போ.”

“நல்ல சேதிங்க,” என்றார் வெள்ளிங்கிரி. “நானே சொல்லோணும்னு இருந்தனுங்க. கோயில்பாளையத்துல ஒரு வாத்தியாரு இருக்கறாரு, தெய்வசிகாமணின்னு. மாமனாரு வண்டி, ஆறு சீட்டு. ஒத்தையா ஓட்டித் தண்டம் கட்டிச் சாகறாரு. ஆளு வேணும்னு கேட்டுட்டே இருந்தாரு. உங்கள விட்டுட்டுப் போறது நாயமில்லன்னு இருந்தோம். இப்ப நாங்க அங்க போனா அந்த மனுசன் பொழச்சுக்குவாரு.”

சாலையின் இருபுறமும் தென்னைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. சம்யுக்தா வேகத்தைக் குறைத்தாள். ஏதாவது காரணம் சொல்ல வேண்டும். அவள் படித்த படிப்பில் கைக்குக் கிடைத்தது ஒன்றுதான்.

“இந்தக் காற்றுத்தாங்கிக்கு, பின்னாடி எடை இருந்தா நல்லதுங்கண்ணா,” என்றாள். “இல்லைன்னா சமமா நிக்காது.”

அது முழுப் பொய்யும் இல்லை.

வெள்ளிங்கிரி தலையை ஆட்டிக்கொண்டார். “ஆமா, காலு பொருத்தறதுலயும் அப்படித்தானுங்க. எடை சமமா விழுகலீனா தேஞ்சு போயிரும்.”

“அப்ப சும்மாவாச்சும் வரலாமே,” என்றாள் கவிஸ்ரீ. கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“சும்மா எப்படிப் புள்ள வரது?” என்றாள் ருக்மணி. “அம்மிணிக்கு நாலு காசு உதவியா இருந்துச்சு, வந்தோம். இனி ஓசில ஏறி உக்கோந்தா நமக்கே கூசும். அதுவும் மூஞ்சிக்கு நேராச் சொல்லாது, பாவம்.”

உக்கடத்தில் இறங்கும்போது ருக்மணி தூக்குவாளியைத் திறந்து ஒரு பொட்டலம் நிறைய அதிரசம் எடுத்து முன் இருக்கையில் வைத்தாள். “நல்லா இரு கண்ணு” என்றாள். கதவு தன் பழைய கனத்தோடு மூடியது.

மறுநாள் நிறுத்தத்தில் வெள்ளிங்கிரி மட்டும் நின்றார். அவள் சட்டென்று ஓரம் கட்டினாள். வண்டி நின்றதும் அவர் பின்கதவைத் திறந்து, தரையில் தன் காலடியில் கிடந்த இரண்டு மணல் மூட்டைகளைத் தூக்கி இருக்கைக்கு ஒன்றாக வைத்தார். தூசி பறக்காமல் நெகிழித்தாளில் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்.

“எடைக்குங்க. ஒவ்வொண்ணும் ஓராளு எடை, அளந்து போட்டிருக்கேன். தாங்கிக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க.” வேலை சுத்தமாக முடிந்த திருப்தியோடு கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். “பெல்ட்டப் போட்டுட்டேன், திருப்பத்துல சாயாது.”

“ரொம்ப நன்றிங்கண்ணா,” என்றாள்.

மணல் மூட்டைகளோடு ஒரு வாரம் போனது. வண்டி இதற்கு முன் இவ்வளவு சொகுசாக ஓடியதில்லை. பள்ளம் தெரியவில்லை, குலுங்கவில்லை. செலவும் இல்லை. கிடங்குக்காரர் பார்த்தால் பொறாமைப்பட்டிருப்பார். பின்கண்ணாடியில் பார்த்தால் இரண்டு பேர் தலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அரை நாள் விடுப்பு எடுத்துப் பொள்ளாச்சிப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவனுக்கு அவள் வயதுதான் இருக்கும்.

“இந்தக் கட்டண விலக்கு எனக்கு வேண்டாம்னா என்ன செய்யணும்?”

“வேணும்னாத்தானேங்க கேப்பாங்க?”

“வேண்டாம்.”

அவன் திரையில் கொஞ்ச நேரம் தேடினான். “வேண்டாங்கறதுக்கு வழியே வெக்கலீங்க. இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்ல.” பிறகு நிஜமான அக்கறையோடு கேட்டான். “எதுக்குங்க கட்டோணும்கறீங்க? காரணம் சொன்னீங்கன்னா மேல எழுதிப் பாக்கலாம்.”

அவள் காரணத்தைச் சொற்களாக அடுக்கிப் பார்த்தாள். கட்டணம் இருந்தால் என்னோடு ஆட்கள் வருவார்கள். அதை ஒரு கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்புறம் நின்று, வரிசையில் பின்னால் ஆள் இருக்கும்போது, சொல்ல முடியாது. “ஒண்ணுமில்லைங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அன்று இரவு சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போது ஒன்று தெளிவானது. கட்டணம், எடை, தாங்கி என்று அவள் எந்தக் காரணம் சொன்னாலும் அதற்கு வேறொரு மாற்று வந்துவிடும். மணல்கூட வந்துவிட்டது. மாற்று இல்லாதது ஒன்றுதான். காரணமில்லாமல் கூப்பிடுவது. சும்மா வாங்க. இரண்டே சொற்கள். சட்டமும் உணரிகளும் இல்லாத காலத்தில் ஆட்கள் ஒருவரை ஒருவர் இப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள். அவள் அதைக் குழாய்த் தண்ணீரின் சத்தத்துக்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். நன்றாகவே வந்தது.

காலையில் மூட்டைகளை இறக்கி வீட்டு வாசலில் வைத்தாள். இருக்கைகளைத் துடைத்தாள். இடப்பக்க இருக்கையைக் கவிஸ்ரீக்காகச் சாய்த்துவைத்தாள். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். சும்மா வாங்க. சும்மா வாங்கக்கா.

நிறுத்தத்தில் மூவரும் நின்றார்கள். அவள் ஓரம் கட்டிக் கண்ணாடியை இறக்கினாள். ருக்மணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்து குனிந்தாள்.

“என்ன அம்மிணி? வண்டிக்கு ஏதாச்சும் ஆயிருச்சா?”

“இல்லக்கா. சும்மா…”

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல். அது நாக்கின் அடியில் இருந்தது. அதற்குள் பின்னால் ஒரு கூடு ஒலி எழுப்பியது.

“சும்மாதானா? நான் பயந்தே போயிட்டேன்.” ருக்மணி நெஞ்சில் கைவைத்துச் சிரித்தாள். திரும்பிக் கத்தினாள். “ஒண்ணுமில்லயாம் வெள்ளிங்கிரி! நம்மளப் பாத்துட்டுப் போலாம்னு சும்மா நிறுத்துச்சாம்.” மறுபடி குனிந்தாள். அவள் முகம் நிஜமாகவே மலர்ந்திருந்தது. “தங்கமான புள்ள நீ. இன்னொரு நாளைக்கு நிறுத்து, முறுக்குத் தரேன். இப்பப் போ கண்ணு, பின்னால ஆரன் அடிக்கறான். நமக்கும் வாத்தியாரு வந்துட்டாரு பாரு.”

ஆறு இருக்கை வண்டி வந்து நின்றது. வெள்ளிங்கிரி அவளுக்குக் கைகாட்டிவிட்டு, மூட்டைகளைப் பார்க்கும் எண்ணத்தில் பின்கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். அவர் புருவம் சற்றே சுருங்கியது. ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு வாத்தியார் கூப்பிட, ஏறிப் போய்விட்டார்.

இரண்டு வண்டிகளும் முன்பின்னாகக் கிளம்பின. ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும், வழக்கம்போல், சாலையே வண்டிகளின் கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டது. சக்கரப்பிடி அவள் கையிலிருந்து தளர்ந்து தானாகத் திரும்பியது. வெளித்தடத்தில் வாத்தியாரின் வண்டி, உள்தடத்தில் மகுடம். சற்று நேரம் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. கண்ணாடிக்கு அந்தப்புறம் ருக்மணி முன் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். வாத்தியார் அறிமுகமில்லாத ஒல்லியான மனிதர். தோள் குலுங்கச் சிரித்தார். கவிஸ்ரீ விழித்திருந்தாள்.

சம்யுக்தா வேகத்தைக் குறைக்கும் மிதியை அழுத்தினாள். அது அசையவில்லை. உள்தடம் தனக்கென்று ஒரு வேகம் வைத்திருந்தது. அது விலக்கு பெற்றவர்களின் வேகம். மகுடம் ஒரு சத்தமும் இல்லாமல், ஒரு குலுக்கலும் இல்லாமல், மெல்ல முந்தத் தொடங்கியது.

கதையின் நடுவில் ருக்மணியின் இரண்டு கைகளும் மேலே எழுந்து, ஏதோ ஒன்றின் அளவைக் காட்ட விரிந்தன. எவ்வளவு பெரியது என்று தெரிவதற்குள் அந்த ஜன்னல் பின்னால் போய்விட்டது.