பெயரில்லாத கோப்பு

கோப்புப் பட்டியலில் ஒரு வரி வெறுமையாக இருந்தது. தேதி இருந்தது, அளவு இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. ஸ்ஃபாக்ஸ் நகரத்து அந்தப் பல் கிளினிக்கின் பின்னறையில், ரமலான் நோன்பில் காய்ந்த நாக்கோடு, கணினி வேலை பார்க்கும் மொன்ஜி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சர்வர் பெட்டியின் விசிறி வழியாக நாற்றம் வந்தது. சொத்தைப் பல்லுக்குள் நாள்கணக்கில் ஊறிய பஞ்சின் நாற்றம். எச்சிலை விழுங்கவே அருவருப்பாக இருந்தது.

"இன்னுமா அழிக்கல?" முன்னறையிலிருந்து டாக்டர் ஷெத்லியா கத்தினாள். "பேரே இல்லாத ஒண்ணுகிட்டப் போய்த் தோக்குறியே!"

"மூணு தடவ அழிச்சேன் டாக்டரம்மா. திரும்பத் திரும்ப வந்து உக்காருது. முன்னைவிடப் பெருசா."

"பாங்கு சொல்றதுக்குள்ள முடிச்சுட்டு வீட்டுக்குப் போ. உம் பொண்ணு சொர்பா சூப்புக் கிண்ணத்தோட காத்துக்கிட்டிருப்பா."

ஆறு வயது தஸ்னீமின் பல் எக்ஸ்ரேயும் அதே கோப்புறையில்தான் இருந்தது. நோயாளிகளின் படங்களுக்கு நீண்ட எண்கள். தன்னுடைய, டாக்டருடைய, வீட்டாருடைய படங்கள் அவற்றோடு கலந்துவிடக் கூடாதென்று ஒற்றை எழுத்துப் பெயர் வைத்தவன் மொன்ஜியே.

நான்காம் முறையும் அழித்தான். பெட்டிக்குள் ஈரமாக ஏதோ சப்புக்கொட்டியது. வெற்று வரி மீண்டும் வந்தது. நாற்றம் தொண்டைவரை இறங்கிற்று. சனியன், தொலைந்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத பெயர் எதுவானாலும் அந்த வெற்றிடம் ஒரே எழுத்து அளவுதானே? அழிக்கும் கட்டளையில் பெயருக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறி போட்டான். ஓரெழுத்துப் பெயர் எதுவானாலும் சரி, கேட்காமல் அழி. விசையை அழுத்தினான்.

அழுத்திய பிறகுதான் உறைத்தது.

எண்கள் இருந்தன. ஒற்றை எழுத்துப் படங்கள் ஒன்றும் இல்லை, தஸ்னீமுடையதும். வெற்று வரி மட்டும் இருந்தது, இரண்டு மடங்காக.

நாக்கு ஈறில் பட்டது. வழவழவென்று. பல் இல்லை. ஒன்றுகூட இல்லை. வலியும் இல்லை.

முன்னறையில் ஷெத்லியா குழறினாள். சொல் எதுவும் வரவில்லை.

போன் அடித்தது. மனைவி. "மொன்ஜி! தஸ்னீம் வாய வந்து பாருங்களேன்... ஐயோ, பிள்ள வாயி..." பின்னால் குழந்தையின் அழுகை, கிழவியின் அழுகைபோல்.

திரையில் அந்தக் கோப்பு தானாகத் திறந்தது. ஒரு தாடை. வரிசை வரிசையாகப் பற்கள். அவனுடைய தங்க உறைப் பல். அதன் பக்கத்தில், சின்னதாக, பால்பற்கள்.

வெளியே மாலைத் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு ஒலித்தது. நோன்பு முடிந்தது.

படத்திலிருந்த தாடை மென்று தின்னத் தொடங்கியது.