விரிசல் விடாத சுவர்

விசாரணை அறையில் தலைநாற்றம் அடித்தது.

பூச்சுவேலைக் கொத்தனார் மஹ்காம் உஸ்தா வாசலிலேயே நின்று மறுபடி முகர்ந்தார். எலி செத்த வாடையல்ல, ஈரச் சுண்ணாம்பின் வாடையும் அல்ல. பல வாரம் தண்ணீர் காணாத தலையிலிருந்து தொப்பியை எடுத்தால் எழுமே, அந்தப் புளித்த எண்ணெய் வீச்சம். ஆகஸ்ட் வெயிலுக்காகச் சன்னல்களை அடைத்திருந்தார்கள். வெளியே மூன்றரை மணிப் பொழுது. உள்ளே சாட்சிக்கூண்டும் நாற்காலி வரிசைகளும் மங்கிய பழுப்பில் மூழ்கிக் கிடந்தன.

"நாந்தான் சொன்னேன்ல உஸ்தா," என்று துப்புரவுக்காரி மஸ்தூரா வாளியோடு பின்னால் வந்தாள். "மூணு நாளா உங்க தாத்தா சுவருக்கு வேர்க்குது. துடைச்ச துணிய நாலு தடவ அலசிட்டேன், பிசுக்கு போகல."

"சுவருக்கு வேர்க்காது. உன் துணிதான் அழுக்கு."

"ஆமா, இருபது வருஷமா இந்தக் கோர்ட்டக் கழுவுறவளுக்குத் துணி அலசத் தெரியாது! நாலு மணிக்குப் பெரிய மனுசங்க வந்து மூக்கைப் பொத்தும்போது இதையே சொல்லுங்க."

"நாக்கு நீளுது உனக்கு. போய் தேநீர் போடு. நான் கூப்பிடாம யாரும் உள்ள வரக் கூடாது."

அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். உஸ்தா கதவைச் சாத்தினார்.

நான்கு மணிக்கு விழா. நீதிபதி இருக்கைக்குப் பின்னே, தரையிலிருந்து கூரைவரை பூவும் கொடியுமாகச் செதுக்கிய வெண்சாந்துச் சுவர். அதன் ஓரத்தில் பட்டுத்துணி போர்த்திய செப்புத் தகடு. தகட்டில் அவர் தாத்தா தாஷ்முகமது உஸ்தாவின் பெயர். அந்தப் பெயரை அங்கே ஏற்ற அவர் பதினோரு வருடம் மனு எழுதியிருந்தார்.

ஜார் காலத்தில் மஞ்சள் செங்கல்லால் எழுப்பிய கட்டடம் அது. புரட்சிக்குப் பிறகு புதிய அரசு வந்து அதை நகர நீதிமன்றமாக்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் தாத்தாவை அழைத்து இந்தச் சுவரைப் பூசச் சொன்னது. பின்னாளில் வந்த நிலநடுக்கத்தில் மாடம் பிளந்தது, படிக்கட்டு சரிந்தது. இந்தச் சுவரில் மட்டும் மயிரிழை விரிசலில்லை. சுவரைப் பூசிய ஆண்டு மந்தைகளையெல்லாம் அரசு ஓட்டிப்போய்விட்டதால், விரிசல் விடாமலிருக்கச் சாந்தில் பிசையும் ஆட்டுமயிர் ஊரில் ஒரு பிடிகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் குறித்த நாளில் தாத்தா வேலையை முடித்தார். குடும்பத்தின் ஒவ்வொரு கல்யாணத்திலும் இதைச் சொல்வார்கள். ஆட்டுமயிருக்குப் பதில் எதைப் பிசைந்தார் என்று யாரும் கேட்டதில்லை.

இடுப்பு உயரத்தில், இரண்டு கொடிகளுக்கு நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரத்திட்டு இருந்தது. பழஞ்சீழின் நிறம். உஸ்தா தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. அழுத்தினால் அமுங்கியது. அடியில் எலும்பு இருப்பதைப் போன்ற ஓர் அமுக்கம்.

சிற்றுளியால் நெருடினார். சாந்து புண்ணின் பொருக்கைப் போல் விளிம்பில் ஈரம் கசியப் பெயர்ந்தது. உள்ளே மயிர்.

ஆட்டுமயிர் குட்டை, முரடு. இது நீளம். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். ஒரு சாண் வந்தது, ஒரு முழம் வந்தது, கடைசியில் வெள்ளைப் பொட்டாக வேர் வந்தது. வேர் ஈரமாயிருந்தது. அடுத்த பிடியில் கருப்பு, செம்பட்டை, ஒரு கிழவனின் நரை. பொடுகு பொடுகாக விரலில் ஒட்டியது. ஈரும் இருந்தது.

இந்த அறைக்கு நேர் கீழே நிலவறை. அந்நாளில் அரசு பிடித்து வந்தவர்களை அங்கேதான் அடைத்தார்கள். உள்ளே தள்ளுமுன் தலையை மழிப்பார்கள். ஊரில் யாருக்குத்தான் தெரியாது? மழித்த மயிர் சாக்குச் சாக்காக மேலே ஏறி வந்திருக்கும். தாத்தா அவிழ்த்துப் பார்த்திருப்பார். பார்த்துவிட்டுத்தான் பிசைந்திருப்பார்.

வாசலுக்குப் போய்க் கத்தலாம். கத்தினால் தகடு இறங்கும். பேரப்பிள்ளைகள் இந்தப் பெயரோடு தெருவில் நடக்க வேண்டுமே.

உஸ்தா கோட்டைக் கழற்றினார். மெருகு தீட்டக் கொண்டுவந்திருந்த வெண்சாந்தைக் கிண்ணத்தில் குழைத்தார். தேநீர் ஆறுவதற்குள் கல்லாகும் சாந்து. வேகம் வேண்டும். மயிரை உருட்டித் துளைக்குள் திணித்தார். அது வழுக்கி வெளியே வந்தது. மறுபடி திணித்தார். ஓர் இழை உதட்டில் ஒட்டியது. உப்புக் கரித்தது. துப்பினார். இன்னும் ஆழமாகத் தள்ளினார். துளை ஆழமாகிக்கொண்டே போனது. மணிக்கட்டுவரை போயிற்று கை. இடக்கையால் சாந்தை அள்ளி விளிம்பில் அப்பினார். இழுத்துவிடலாம். இப்போது இழுத்துவிடலாம்.

கை வரவில்லை.

விரல்களைச் சுற்றி மயிர் இறுகியிருந்தது. சாந்தும் இறுகிவிட்டது.

"உஸ்தா!" மஸ்தூராவின் குரல். "கூப்பிடாம வரக் கூடாதுன்னீங்க. வந்துட்டாங்க, நான் என்ன செய்ய?"

கதவு திறந்தது. நீதிபதி, நகரத் தலைவர், கோட்டுசூட்டு அதிகாரிகள், கேமராக்காரன். உஸ்தா தோளைச் சுவரோடு சேர்த்து, முதுகை நிமிர்த்தினார். இடக்கையால் தொப்பியைச் சரிசெய்தார்.

"பாருங்கய்யா," என்று நீதிபதி சிரித்தார். "தாத்தா சுவர விட்டு மனுசனுக்குக் கை எடுக்க மனசில்ல!"

"சுவரே இவரு சொத்துன்னு கேஸ் போட்டுருவாரு போல!" என்றார் நகரத் தலைவர்.

கைதட்டினார்கள். யாரோ பட்டுத்துணியை இழுத்தார்கள். செப்பு மின்னியது. உஸ்தா புன்னகைத்தார்.

அப்போதுதான் உள்ளங்கையில் அது வந்து முட்டியது. உருண்டை. சூடு. முள்முள்ளாய், மழித்து இரண்டு நாளான தலை. வேர்வையில் வழவழத்தது. கத்தி பட்ட இடத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. கைக்கடியில் மெதுவாகத் தேய்ந்து, நகர்ந்து, போனது.

"எப்படிங்க இத்தன வருஷம் விரிசலே இல்லாம?" என்று கேமராக்காரன் கேட்டான்.

"அது எங்க குடும்ப வேலை," என்றார் உஸ்தா உரக்க. "தாஷ்முகமது உஸ்தா வேலை."

மறுபடி கைதட்டல். சுவருக்குள் அடுத்த தலை வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு, உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி மிகச் சிறியதாக ஒன்று. அது நகரவில்லை. பின்னால் வரிசை நெருக்கியது.