அன்று அவர் வீட்டில் இருந்தார்

கிளிக்!

வெளியே தாழ்ப்பாள் விழுந்த சத்தம்.

உடும்பு நிமிர்ந்தாள். ஆவணக் காப்பாளரான அவளுக்கு ஆபீஸில் வைத்த பெயர் அது. எடுத்த ஃபைலை லேசில் விடமாட்டாள்.

அடித்தளத்தில் ஆவண அறை. ஜன்னல் இல்லை. செல்போனுக்கு சிக்னல் இல்லை. இரும்புக் கதவைத் தட்டினாள். உள்ளங்கை எரிந்ததுதான் மிச்சம்.

"தட்டாதீங்க. மேல எல்லாரும் மீட்டிங்ல இருக்காங்க."

துணை இயக்குநரின் குரல்!

அவள் மேஜையில் விரித்திருந்த தாளில் இருந்ததும் அவர் பெயர்தான்...

நான்கு மாதங்களுக்கு முன், ஒரு புதன்கிழமை காலை, நான்காவது மாடிப் படியிலிருந்து விழுந்து கண்காணிப்பாளர் இறந்தார். கால் தவறியது என்று கேஸை மூடிவிட்டார்கள்.

அவர் மனைவி விடவில்லை.

வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்ற திட்டம் அங்கே இருந்தது. அந்தப் புதன்கிழமை யார் வீட்டில், யார் ஆபீஸில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாள்.

பதிவேட்டில் துணை இயக்குநர் 'வீட்டில்'. போலீஸிடமும் அதையேதான் சொல்லியிருந்தார்.

ஆனால் மேஜையில் இருந்த தாளின்படி, அன்று காலை பதினொன்று பத்துக்கு, அவருடைய அடையாள அட்டை நான்காவது மாடிக் கதவைத் திறந்திருந்தது!

"கம்ப்யூட்டர்ல இருந்ததை அழிச்சாச்சு. மிச்சம் அந்த ஒரு தாள்தான். கதவுக்கு அடியில தள்ளுங்க."

"தள்ளலைன்னா?"

"இங்க சிவப்பா ஒரு லிவர் இருக்கு. தீயணைக்கிற வாயு. இழுத்தா உள்ள தீ அணையும்... மூச்சும் அணையும். ஏதோ கோளாறுன்னு எழுதிக்குவாங்க. நான்தான் இன்னைக்கும் வீட்ல இருக்கேனே."

உடும்பு கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றாக இன்னும் பத்து நிமிடம். மனுதாரர் நேரில் வந்து ஆவணங்களைப் பார்க்கலாம் என்பது சட்டம். மூன்று மணிக்கு வரச் சொல்லிக் கடிதம் போட்டது அவளேதான்.

பத்து நிமிடம். பேச்சுக் கொடுத்தால் போதும்.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டாள். அவர் ஒளிக்கவில்லை. உயிரோடு வெளியே வரப்போகாதவளிடம் எதற்கு ஒளிவு மறைவு?

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாக அவர் கணக்குக் காட்டிய பன்னிரண்டு பேரும் நிஜ ஆட்களே இல்லை. வெறும் பெயர்கள்; சம்பளமெல்லாம் அவர் பைக்குள். கண்காணிப்பாளர் ஒவ்வொரு வீடாகத் தேடிப் போய்விட்டு வந்து கேட்டாராம்.

"கேட்டான். தள்ளிட்டேன்."

மணி மூன்று.

யாரும் வரவில்லை...

"அந்தம்மாவுக்காகக் காத்திருக்கீங்களா? காலைலயே போன் பண்ணி, அடுத்த வாரம் வரச் சொல்லிட்டேன்."

இனி வேறு வழியில்லை. தாளைக் கதவடியில் தள்ளினாள். அது சரசரவென்று மறைந்தது.

"நன்றி. ஆனா இவ்வளவும் கேட்டுட்டீங்களே..."

லிவர் கிறீச்சிட்டது. உடும்பு முகத்தைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடினாள்.

தொப்!

யாரோ விழுந்த சத்தம். தாழ்ப்பாள் விலகியது.

வாசலில் கண்காணிப்பாளரின் மனைவி. பின்னால், தரையில் துணை இயக்குநர். அவர் கையை முறுக்கிப் பிடித்தபடி ஒரு இன்ஸ்பெக்டர்.

"நாலு மாசமா இதே 'அடுத்த வாரம்'தான். இன்னைக்கும் அதையே சொன்னதும் நேரா ஸ்டேஷனுக்குப் போனேன்" என்றாள் அவள், உடும்பைத் தாங்கிப் பிடித்து.

படிக்கட்டு வரைக்கும் எல்லாம் கேட்டது என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார், நான் இன்னைக்கு வீட்லருந்து வேலை..." என்று முனகினார் துணை இயக்குநர்.

"இனிமே அந்தச் சலுகை கிடையாது. வாரத்துல ஏழு நாளும் உள்ளேதான்."